வடசிலாங்கூர் வானில்: நூற்று இருபத்தைந்தின் இறக்கை

நடுத்தர அளவு வணிக ஜெட் விமானங்களில் மிக நீண்ட காலம் உற்பத்தியில் இருந்தவற்றுள் 125 என்னும் பிரிட்டிஷ் வகைக்கு முன்னிடம் உண்டு. அதன் முதல் விமானம் 1962 ஆகஸ்ட் 13ஆம் தேதி, லண்டனுக்கு வடக்கே உள்ள ஹாட்ஃபீல்டில் பறந்தது. கடைசி விமானங்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவின் விச்சிட்டா நகரத்தில் முடிக்கப்பட்டன. இடையில் 1,600க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. உரிமையாளர் மாறும்போதெல்லாம் பெயரும் மாறியது. டி.எச். 125, எச்.எஸ். 125, பி.ஏ.இ. 125, ஹாக்கர் 800 என்று நான்கு பெயர்களில் உலகம் அறிந்தது அடிப்படையில் ஒரே விமானத்தைத்தான். மலேசிய அரச விமானப்படையும் முக்கியப் பிரமுகர்களின் பயணத்துக்காக எச்.எஸ். 125 வைத்திருந்தது.

இந்த வகை வடசிலாங்கூரின் வரலாற்றுக்குள் வருவது சுபாங் ஓடுபாதையின் வழியாக. 1965இல் திறக்கப்பட்ட சுபாங் விமான நிலையத்தின் ஒற்றை ஓடுபாதை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கிடக்கிறது. அந்தக் கோட்டை வடமேற்கே நீட்டினால் எல்மினாவைத் தொட்டு, பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கமாகக் கோலசிலாங்கூர் மாவட்டத்துக்குள் போய்விடும். தென்கிழக்கு நோக்கி இறங்கும் விமானங்கள், முன்பு ரப்பரும் பின்பு செம்பனையும் நின்ற நிலத்துக்கு மேலாகவே தாழ்ந்து வருகின்றன. 1977 செப்டம்பர் 27 விபத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸின் டி.சி. 8 மோதியதும் இதே கோட்டின் கீழே, எல்மினா தோட்டத்துக் குன்றில்தான். 1998 ஜூனில் செப்பாங்கில் புதிய விமான நிலையம் திறந்ததும் பெரிய நிறுவனங்கள் அங்கே இடம்பெயர்ந்தன. சுபாங் டர்போபிராப் விமானங்களுக்கும் தனியார் ஜெட்களுக்கும் உரிய நிலையமாயிற்று. ஆகவே இந்த வானத்தின் பிற்கால வரலாறு பெரும்பாலும் சிறு ஜெட்களின் வரலாறு. அதைப் புரிந்துகொள்ள 125இன் இறக்கையிலிருந்து தொடங்குவதே முறை.

டி ஹாவிலண்ட் நிறுவனம் தன் பழைய இரட்டை இயந்திர டவ் விமானத்துக்குப் பின் வரவேண்டியதாக 125ஐத் திட்டமிட்டது. தொடக்கத்தில் அதற்கு ஜெட் டிராகன் என்று பெயர். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டைக் கட்டியதும், 1954இல் அதன் உடற்பகுதி உலோகச் சோர்வால் வானிலேயே பிளந்த துயரத்தைத் தாங்கியதும் இதே நிறுவனம்தான். 125இன் உடல் வட்டக் குறுக்குவெட்டு கொண்டது. உள்ளே அழுத்தமேற்றிய காற்று எல்லாத் திசையிலும் சமமாகத் தள்ளுவதால், வட்டமே அந்தச் சுமையைக் குறைந்த எடையில் தாங்கும்.

வட்ட உடலில் இறக்கையை எங்கே பொருத்துவது என்பதே வடிவமைப்பின் மையக் கேள்வி. இறக்கையின் தாங்கு விட்டம் பயணிகள் அறையை ஊடறுத்துப் போனால் நடுவில் திட்டு எழும்பும். தலை முட்டாமல் நிற்க இடம் கிடைக்காது. 125இன் பொறியாளர்கள் இறக்கையை ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை ஒரே துண்டாகச் செய்து, முழுவதையும் உடலுக்கு அடியில் கட்டினார்கள். மேலே தளம் மட்டமாக நீண்டது. அறையின் உயரம் 1.75 மீட்டர், அகலம் 1.83 மீட்டர். அந்தக் காலத்து லியர்ஜெட்டில் பயணி குனிந்தே இருக்கைக்குப் போக வேண்டும்; 125இல் நிமிர்ந்து நடக்கலாம். வேகத்தில் முந்திய போட்டியாளர்கள் பலர் இருந்தும் இந்த விமானம் ஐம்பது ஆண்டு விற்றதற்கு முதல் காரணம் இந்த அறைதான். அறை பிறந்ததோ இறக்கையின் இருப்பிடத்திலிருந்து.

இறக்கை 20 பாகை மட்டுமே பின்சாய்ந்தது. சாய்வு கூடினால் அதிவேகத்தில் இழுவை குறையும். ஆனால் மெதுவாகப் பறக்கும்போது தூக்குவிசை போதாது. வணிக ஜெட் போகுமிடம் பெரும்பாலும் சிறு ஊர்களின் குறுகிய ஓடுபாதை. எனவே மிதமான சாய்வும், பின்விளிம்பில் நீண்ட இரட்டைப் பிளவு ஃபிளாப்களும் தேர்ந்தெடுக்கப்பட்டன. இறங்கும்போது அந்த ஃபிளாப்கள் 45 பாகை கீழே திரும்பும். அப்போது விமானம், எடையைப் பொறுத்து, மணிக்கு சுமார் 220 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதையை நெருங்க முடியும். எரிபொருளின் பெரும்பகுதி இறக்கைக்குள்ளேயே அடங்கியது. இரு இயந்திரங்களும் உடலின் பின்பக்கத்தில், இறக்கையை விட்டு விலகி நின்றன.

அந்த விலகலின் பயன் 1988 ஆகஸ்ட் 7ஆம் தேதி தெரிந்தது. போட்ஸ்வானா அதிபர் குவெட் மசிரே பயணம் செய்த பி.ஏ.இ. 125-800, அங்கோலா வானில் போகும்போது, ஒரு மிக் 23 போர்விமானம் அதன்மேல் ஏவுகணை எய்தது. வலப்புற இயந்திரம் பிய்ந்து விழுந்தது. இரண்டாவது ஏவுகணை விழுந்துகொண்டிருந்த அந்த இயந்திரத்தையே தாக்கியது. அதிபர் காயமடைந்தார், விமானமோ மிஞ்சிய ஒற்றை இயந்திரத்தோடு குய்ட்டோ ஓடுதளத்தில் இறங்கியது. இயந்திரம் இறக்கையோடு ஒட்டியிருந்திருந்தால் எரிபொருள் தொட்டியும் சேர்ந்தே கிழிந்திருக்கும். போருக்காகக் கட்டப்படாத ஒரு விமானத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேண்டியதில்லை.

பனிக்கட்டியிலிருந்து காக்கவும் 125 தனி வழி கண்டது. இறக்கையின் முன்விளிம்பில் நுண்துளைகள் கொண்ட உலோகப் பட்டை உண்டு. அதன் வழியே கிளைக்கால் கலந்த திரவம் கசிந்து பரவும். இயந்திரத்திலிருந்து சூடான காற்றை எடுத்து இறக்கைக்கு அனுப்ப வேண்டிய தேவை இல்லை. வெப்பநாட்டில் இது எதற்கு என்று கேட்கலாம். நிலநடுக்கோட்டு வானிலும் ஐந்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே நீர் உறையும். மாலைநேரத்து இடிமேகத்தைத் துளைத்து ஏறும் விமானத்துக்குச் சிலாங்கூரும் ஸ்காட்லாந்தும் ஒன்றே.

முதல் வகைகளை இயக்கியது பிரிஸ்டல் சிட்லி வைப்பர் டர்போஜெட். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 3,000 இராத்தல் உந்துவிசை. எளிய கட்டமைப்பு, நம்பகமான ஓட்டம். ஆனால் காதைக் கிழிக்கும் இரைச்சல், எரிபொருளுக்கு அடங்காத பசி. பிரிட்டிஷ் விமானப்படை இருபது விமானங்களை டொமினி என்ற பெயரில் வாங்கி, வழிகாட்டும் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்தது. அமெரிக்காவுக்குப் போனவை ஏ என்றும் மற்ற நாடுகளுக்குப் போனவை பி என்றும் குறிக்கப்பட்டன. 1971 ஜனவரியில் பறந்த 600 வகையில் உடல் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீண்டது. கூடுதல் பயணிகள் அமர முடிந்தது.

1973இல் எண்ணெய் விலை ஏறியதும் வைப்பரின் பசி தாங்க முடியாததாயிற்று. அமெரிக்க விமான நிலையங்களில் இரைச்சல் விதிகளும் இறுகின. விடை அரிசோனாவிலிருந்து வந்தது. காரெட் நிறுவனத்தின் டி.எஃப்.இ. 731 டர்போஃபேன் இயந்திரத்தில், முன்னால் உள்ள பெரிய விசிறியைச் சுழலியோடு நேரே இணைக்காமல் பற்சக்கரப் பெட்டி வழியே மெதுவாகச் சுழற்றினார்கள். உட்சுழலி தனக்கு ஏற்ற மிகுவேகத்திலும் விசிறி தனக்கு ஏற்ற குறைவேகத்திலும் ஓடின. விசிறி தள்ளும் காற்றில் பெரும்பங்கு எரியறைக்குள் நுழையாமல் வெளியே சுற்றிப் போவதால் எரிபொருள் மிச்சமாயிற்று, இரைச்சலும் தணிந்தது. 1976 ஜூன் 28ஆம் தேதி பறந்த 700 வகை இந்த இயந்திரத்தைப் பெற்றது. ஒவ்வொன்றும் 3,700 இராத்தல் உந்தியது. உந்துவிசை 600 வகையின் வைப்பரோடு ஏறக்குறைய சமம். ஆனால் அதே தொட்டி எண்ணெயில் விமானம் போகும் தூரம் வெகுவாகக் கூடியது. பழைய வைப்பர் விமானங்கள் பலவும் பின்னர் இதே இயந்திரத்துக்கு மாற்றப்பட்டன. 125இன் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கும் கோடு இதுதான். பின்னால் வந்த எல்லா வெற்றிக்கும் இந்த மாற்றமே முதல்.

அடுத்த பெரிய திருத்தம் இறக்கைக்கே நடந்தது. 1983 மே 26ஆம் தேதி பறந்த 800 வகையில் இறக்கையின் வெளிப்பகுதி புதிதாக வரையப்பட்டது. 14.3 மீட்டராக இருந்த இறக்கை விரிவு 15.66 மீட்டராக நீண்டது. முகப்புக் கண்ணாடி வளைந்து உடலோடு இழைந்தது, விமானி அறையில் முட்கள் ஓடும் கருவிகளுக்குப் பதில் திரைகள் வந்தன, இயந்திரத்தின் உந்துவிசை 4,300 இராத்தலாக உயர்ந்தது. மொத்தப் புறப்பாட்டு எடை 12,430 கிலோ. இன்றும் ஹாக்கர் என்றால் கண்ணில் நிற்பது இந்த வடிவம்தான். ஜப்பான் இதைக் கடல்மீது தேடி மீட்கும் விமானமாகவும், அமெரிக்க விமானப்படை வழிகாட்டும் கருவிகளைச் சோதிக்கும் விமானமாகவும் வாங்கின.

1990களில் வந்த 800 எக்ஸ்.பி. வகையின் உந்துவிசை ஒவ்வொரு இயந்திரத்துக்கும் 4,660 இராத்தல். சேமிப்பு எண்ணெயை ஒதுக்கிவைத்த பிறகு அது சுமார் 4,700 கிலோமீட்டர் போகும். சுபாங்கிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். பெர்த் 4,100க்குச் சற்று மேல். இரண்டுக்கும் இடையில் எண்ணெய் நிரப்ப வேண்டியதில்லை. டோக்கியோவுக்கு ஒருமுறை இறங்கியாக வேண்டும். ஆனால் இந்தக் கணக்குகள் மிதமான வெப்பத்துக்கு உரியவை. சுபாங்கின் நண்பகல் 33 பாகையில் காற்று இளகிக் கிடக்கும். இயந்திரம் உறிஞ்சும் காற்றின் எடை குறையும், உந்துவிசை தளரும், இறக்கையும் அதே தூக்குவிசைக்குக் கூடுதல் வேகம் கேட்கும். ஓடவேண்டிய நீளம் அதனால் கூடுகிறது. சுபாங்கின் ஓடுபாதை 3,780 மீட்டர் என்பதால் அங்கே இது பெரிய தடையல்ல. சிறு தீவு நிலையங்களில் விமானி எண்ணெயையோ ஆட்களையோ குறைக்க வேண்டிவரும்.

ஏறுவதைவிட நிற்பது கடினம். நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துப் பெருகும். சக்கரம் தரையைத் தொட்ட கணத்தில் இறக்கை இன்னும் தூக்கிக்கொண்டே இருக்கிறது. விமானத்தின் எடை முழுதாக டயரில் இறங்கவில்லை. எடை இறங்காத டயரில் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். மாலை மழை கொட்டிய ஓடுபாதையில் டயருக்கும் தளத்துக்கும் இடையே நீர்ப்படலம் நின்றுவிட்டால் பிரேக்கே இல்லாதது போலாகும். ஆகவே ஒரு நல்ல இறக்கை தூக்குவிசையைத் தரவும் வேண்டும். தரையைத் தொட்டதும் அதே விசையை உடனே கைவிடவும் வேண்டும். வேக எண்களைப் பட்டியலிடும் விளம்பரத் தாள்களில் இந்த இரண்டாவது திறன் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பயணியின் உயிருக்கு நெருக்கமானது அதுதான்.

125இல் இதற்கான ஏற்பாட்டை விமானிகள் லிஃப்ட் டம்ப் என்பார்கள். இறக்கையின் மேலும் கீழும் விரியும் காற்றுத்தடைப் பலகைகள் உண்டு. பறக்கும்போதும் வேகம் குறைக்க அவற்றை விரிக்கலாம். தரையில் தொட்டபின், ஃபிளாப் 45 பாகையில் இருக்கும் நிலையில், அதே நெம்புகோலைத் தூக்கி ஒரு தடையைத் தாண்டிப் பின்னுக்கு இழுத்தால் ஃபிளாப் 75 பாகைவரை இறங்கிச் சுவர்போல நிற்கும். தூக்குவிசை சரிந்து எடை டயருக்கு வரும். நெம்புகோலில் உள்ள அந்தத் தடை சிறிய பாகம்தான். வானில் செய்யலாம், தரையில் மட்டுமே செய்யலாம் என்ற இரண்டையும் பிரிப்பது அதுவே.

இந்த ஏற்பாட்டைத் தாமதமாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள ஓவட்டோனா நிலையம் சான்று. 2008 ஜூலை 31ஆம் தேதி ஒரு ஹாக்கர் 800, மழையில் நனைந்த ஓடுபாதையில் பின்காற்றோடு இறங்கியது. லிஃப்ட் டம்ப் தொட்ட உடனே முழுதாக விரியவில்லை. பாதை தீரப்போவதைக் கண்ட விமானி, வெகுதூரம் ஓடியபின், மீண்டும் எழும்ப முயன்றார். அதற்கு வேண்டிய வேகமும் நீளமும் மிஞ்சியிருக்கவில்லை. விமானத்தில் இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அவ்வளவு ஓடியபின் எழும்ப எடுத்த முடிவையே முதன்மைக் காரணமாகக் கொண்டது.

இதற்கிடையே 125இன் வீடு மாறியிருந்தது. டி ஹாவிலண்ட் ஏற்கெனவே ஹாக்கர் சிட்லிக்குள் அடங்கியிருந்தது. 1977இல் ஹாக்கர் சிட்லி அரசுடைமையாகி பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸின் பகுதியாயிற்று. 1993இல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் தன் வணிக ஜெட் பிரிவை அமெரிக்காவின் ரேதியானுக்கு விற்றது. ரேதியான் 1980லேயே பீச் விமான நிறுவனத்தை வாங்கியிருந்ததால், இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. இறுதிக் கோப்பு விச்சிட்டாவுக்குப் பெயர்ந்த பிறகும் உடலும் இறக்கையும் வேல்ஸில் உள்ள பிராட்டன் ஆலையிலிருந்தே கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தன.

ரேதியான் பழையதை விற்றபடியே புதியதையும் கட்ட முனைந்தது. 125க்கு மேலே ஹொரைசன் என்ற பெரிய விமானம். பின்பு ஹாக்கர் 4000 ஆனது. 125க்குக் கீழே பிரீமியர் 1 என்ற சிறிய விமானம். இரண்டின் உடலும் அலுமினியம் அல்ல, கரியிழை. இயந்திரக் கை ஒரு அச்சின்மேல் இழைநாடாவைச் சுற்றிச் சுற்றி உடலை உருவாக்கும். தகட்டையும் ஆணியையும் விட மெல்லிய சுவர் போதும். வெளிப்புற அளவு கூடாமல் உள்ளே இடம் பெருகும். பிரீமியர் 1998 டிசம்பர் 22ஆம் தேதி பறந்து, 2001 மார்ச்சில் அமெரிக்கச் சான்றிதழ் பெற்றது. உச்சப் புறப்பாட்டு எடை 5,670 கிலோ, அதாவது 800 எக்ஸ்.பி.யின் பாதிக்கும் குறைவு. வில்லியம்ஸ் எஃப்.ஜே. 44 இயந்திரங்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 2,300 இராத்தல். வேகமோ மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில், தன் பெரிய அண்ணனுக்குச் சமம். ஒற்றை விமானியே ஓட்டலாம் என்றும் சான்று கிடைத்தது.

சிறிய இறக்கையில் பெரிய வேகம் என்றால் இறங்கும்போது நிறுத்துவது இன்னும் சிக்கல். பிரீமியரில் உந்துவிசையை முன்பக்கமாகத் திருப்பும் ஏற்பாடு கிடையாது. சுமை முழுவதும் பிரேக்கின் மீதும் லிஃப்ட் டம்ப் மீதும் விழுந்தது. இறக்கையின் மேற்புறத்தில் எழும் ஸ்பாய்லர் பலகைகள் அனைத்தும் ஒன்றாக நிமிர்ந்து தூக்குவிசையை அழிக்கும். பறக்கும்போது லிஃப்ட் டம்பை விரிக்கக் கூடாது என்று விமானக் கையேடு தடைசெய்தது. தடை தாளில் இருந்தது. இறங்குமுன் படிக்கும் சரிபார்ப்புப் பட்டியலோ, தரை தொட்டதும் உடனே பயன்படுத்த வசதியாக, அதன் பூட்டை வானிலேயே திறந்துவைக்கச் சொன்னது.

2023 ஆகஸ்ட் 17ஆம் தேதி ஒரு பிரீமியர் 1, லங்காவியிலிருந்து இரு விமானிகளோடும் ஆறு பயணிகளோடும் சுபாங் வந்தது. பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன் தரையிறங்க அனுமதி கிடைத்தது. விமானம் வடமேற்கிலிருந்து அதே பழைய கோட்டில் வந்துகொண்டிருந்தது. எல்மினா அப்போது தோட்டமாக இல்லை. சைம் டார்பி எழுப்பிய நகரியமாகி, சாலைகளும் வீடுகளும் நிறைந்திருந்தன. ஓடுபாதைக்குச் சில கிலோமீட்டர் முன்னால் விமானம் தூக்கிழந்து சாலையில் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த எட்டுப் பேரும், சாலையில் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் போய்க்கொண்டிருந்த இருவரும் மாண்டார்கள்.

மலேசிய விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் இறுதி அறிக்கை 2024இல் வெளிவந்தது. இறங்குமுன் செய்யும் சரிபார்ப்பின்போது லிஃப்ட் டம்ப் ஸ்பாய்லர்கள் தவறுதலாக விரிக்கப்பட்டதே கட்டுப்பாடு இழந்ததற்குக் காரணம் என்று அது முடிவுகண்டது. இயந்திரம் நிற்கவில்லை, வானிலை குறுக்கிடவில்லை. தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்கும் விமானத்தின் இறக்கை, தரையில் மட்டுமே செய்ய வேண்டியதைச் சில நூறு மீட்டர் உயரத்தில் செய்துவிட்டது. அந்த உயரத்தில் மீள்வதற்கு நேரம் இல்லை. விமானியின் கை தவறியது உண்மை. அந்தத் தவறு உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கையெட்டும் இடத்தில் இருந்தது வடிவமைப்பின் பொறுப்பு. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிடுவது இறந்தவர்களுக்குச் செய்யும் நியாயமாகாது.

பிரீமியரைக் கட்டிய நிறுவனமோ அதற்கு முன்பே கலைந்திருந்தது. ரேதியான் 2007இல் தன் விமானப் பிரிவை விற்றது. அது ஹாக்கர் பீச்கிராஃப்ட் ஆனது. மறு ஆண்டே உலகப் பொருளாதாரம் சரிந்து வணிக ஜெட் சந்தை வற்றியது. ஹாக்கர் 4000 நெடுந்தாமதத்துக்குப் பிறகு சந்தைக்கு வந்து, எண்பதைக்கூட எட்டாமல் நின்றது. 2012 மே மாதம் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. மறு ஆண்டு பீச்கிராஃப்ட் என்ற பெயரில் மீண்டபோது ஜெட் உற்பத்தியைக் கைவிட்டிருந்தது. 2014இல் டெக்ஸ்ட்ரான் அதை வாங்கியது. பறந்துகொண்டிருக்கும் ஹாக்கர்களுக்கும் பிரீமியர்களுக்கும் உதிரிப்பாகம் தரும் கடமையும் அதோடு சேர்ந்து டெக்ஸ்ட்ரானின் கைக்குப் போயிற்று.